திண்ணையில் கேட்ட பிரெஞ்சு

எனக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று யாராவது கேட்டால் எந்தப் பதிலும் முழு உண்மையாக இருப்பதில்லை. புதுச்சேரியில் இருந்து இணையவழியில் வகுப்பு நடத்தும் ஆசிரியை முதலில் எனக்கு ஒரு சோதனை வைத்தார். அவர் ஓடவிட்ட வானொலிப் பேச்சில் எனக்குப் புரியாத இடம் அதிகமில்லை. அடுத்து என்னைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னார். ஒரு வரிகூடப் பிழையில்லாமல் வரவில்லை. பேசச் சொன்னபோது சிறு பிள்ளைபோல ஒற்றை ஒற்றைச் சொல்லாக வந்தது. என்னை எந்த வகுப்பில் உட்கார வைப்பதென்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இது வீட்டிலிருந்து வந்த பிரெஞ்சு" என்றார் கடைசியில். ஆமாம் என்றேன். அந்த வீடு இப்போது எங்களுடையது இல்லை.

காரைக்கால் மாதா கோயில் வீதியில் இருந்தது அது. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே நீளமான கூடம், கொல்லையில் கிணறு. தாத்தா சைகோன் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஊர் திரும்பியவர். அப்பாயி இங்கே குளூனி கன்னியர் பள்ளியில் படித்து, கல்யாணமாகிக் கப்பலேறியவர். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்ததால் அப்பா காரைக்காலிலேயே பிறந்தார். தாத்தாவும் அப்பாயியும் தங்களுக்குள் பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான். அப்பாவுடனும் பாதிக்கு மேல் அதுதான். அம்மா நாகப்பட்டினத்துப் பெண், அவருக்குப் பிரெஞ்சு கிடையாது. எங்களிடம் எல்லோரும் தமிழில் பேசினார்கள். ஆனால் அப்பாயி அடுக்களையில் அவசரத்தில் எதையாவது எடுக்கச் சொன்னால், கோபம் வந்தால், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால், தன்னை அறியாமல் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். நாங்கள் தமிழில் பதில் சொல்லுவோம். பிரெஞ்சில் சொல் என்று யாரும் கேட்டதில்லை. அது பெரியவர்களின் மொழி, நாற்காலியும் செய்தித்தாளும் அவர்களுடையதாக இருந்ததைப் போல.

வகுப்பில் முன்னேற முன்னேறத்தான் காது எவ்வளவு சேர்த்து வைத்திருந்தது என்று தெரிந்தது. கரண்டி பெண்பால், கத்தி ஆண்பால், முள்கரண்டி பெண்பால். உப்பும் மிளகும் ஆண்பால். பிரெஞ்சு படிக்கிற எல்லோரும் தவிக்கும் இடம் இந்தப் பால் விஷயம். அடுக்களைச் சாமான் ஒவ்வொன்றுக்கும் எனக்கு அது யோசிக்காமல் வந்தது. அடுக்களை வாசலைத் தாண்டியதும் நின்றுபோனது. அரசாங்கம், சட்டம், வரி, தேர்தல் எதற்கும் பால் தெரியாது, ஏனென்றால் அப்பாயி என்னிடம் அரசாங்கத்தை எடுத்துவரச் சொன்னதில்லை.

ஐயப்பாடும் கட்டாயமும் விருப்பமும் சொல்லும்போது பிரெஞ்சில் வினைச்சொல் தனியாக ஒரு வடிவம் எடுக்கும். சப்ஜோன்க்தீஃப் என்பார்கள். மற்றவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த பாடம் அது. "நீ இதைச் செய்தாக வேண்டும்" என்பதைச் சொல்லச் சொன்னார் ஆசிரியை. "இல் ஃபோ க த்யு ஃபாஸ்" என்று என் வாய் சொல்லி முடித்துவிட்டது. அந்த 'ஃபாஸ்' ஏன் அப்படி வருகிறது என்ற விதி எனக்குத் தெரியாது. குளி, படி, விளக்கை அணை, சட்டையை மாற்று என்று அப்பாயி சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 'இல் ஃபோ' இருந்தது. கட்டாயத்தின் இலக்கணம் முழுவதும் எனக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கும் வாக்கியத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

வீட்டில் என்னை எல்லோரும் 'த்யு' என்றார்கள், நம் 'நீ' போல. 'வூ' என்று மரியாதையாக என்னை விளித்தவர் எவருமில்லை, நானும் விளித்ததில்லை. ஆகவே கடைக்காரரிடமோ அதிகாரியிடமோ அறிமுகமில்லாத ஒருவரிடமோ பேச வேண்டிய பிரெஞ்சு என்னிடம் இல்லவே இல்லை. தமிழில் எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பிரெஞ்சில் எட்டோ ஒன்பதோ. அந்த வயதுக்குரிய பயமும் செல்லமும் அந்த மொழியோடு சேர்ந்தே வருகின்றன. வகுப்பில் ஆசிரியை கொஞ்சம் குரலை உயர்த்தினால் என் முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

எண்கள் எனக்குத் திண்ணையில் இருந்து வந்தவை. சாயங்காலம் வெயில் இறங்கியதும் தாத்தாவின் நண்பர்கள் மூன்று பேர் வருவார்கள். இரண்டு பேர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஊர்ப் பேச்சில் 'சொல்தா'க்கள். ஒருவர் தாத்தாவைப் போலவே சைகோனில் வேலை பார்த்தவர். நால்வரும் சேர்ந்தால் பெலோத். முப்பத்திரண்டு சீட்டு, எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். துருப்பில் ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. மற்ற இனத்தில் அதே ஜாக்கிக்கு வெறும் 2, ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை. கடைசிப் பிடியை எடுத்தவருக்குக் கூடுதலாக 10. எல்லாம் கூட்டினால் ஓர் ஆட்டத்துக்கு 162. பிரெஞ்சில் இருபதுவரை ஒழுங்காக எண்ணத் தெரியாத வயதில் 'சான் சுவாசாந்த் தூ' என்பது எனக்குத் தெரியும். துருப்பு ராஜாவையும் ராணியையும் ஒரே கையில் வைத்திருப்பவர் முதல் சீட்டைப் போடும்போது 'பெலோத்' என்பார், இரண்டாவதைப் போடும்போது 'ரெபெலோத்' என்பார். ஒரு சொல்தா தாத்தா அந்த 'ரெபெலோத்'தைச் சொல்லிச் சீட்டைப் பலகையில் அறைவது தெருமுனைவரை கேட்கும். அவர்கள் சண்டை போட்டதும் சமாதானமானதும் செத்துப்போன நண்பர்களைப் பற்றிப் பேசியதும் அந்த மொழியில்தான். நான் திண்ணை ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

என் வாழ்க்கையில் நான் மிகவும் ஏங்குவது அந்த ஒரு மணி நேரத்துக்கு. எதிலும் நான் பங்கெடுக்கவில்லை, ஆனாலும் அங்கே எனக்கு இடம் இருந்தது.

ஒரு மொழி இவ்வளவு சீக்கிரம் ஓர் ஊரை விட்டுப் போனது எப்படி என்று நிறைய யோசித்திருக்கிறேன். 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பதிவேடும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று அதன் 28-ஆம் பிரிவு சொன்னது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகள் நான்கிலும் சேர்த்துச் சுமார் 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். தாத்தாவின் தம்பி எழுதிக் கொடுத்தார். தாத்தா கொடுக்கவில்லை. நெடுங்காட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது, அரசலாற்றுத் தண்ணீரை விட்டுப் போக மனமில்லை என்பார்.

பிரெஞ்சை யாரும் தடுக்கவில்லை, விரட்டவில்லை. ஊர் மக்களில் மிகப் பெரும்பாலோர் எக்காலத்திலும் தமிழிலேயே வாழ்ந்தார்கள். அந்த மொழியைச் சமையலறைவரை கொண்டுபோனது கொஞ்சம் குடும்பங்கள்தான். அவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு பிரான்சில் வேலை இருந்தது, படிப்பு இருந்தது, போனார்கள். மிஞ்சியவர்களுடைய பிள்ளைகளுக்கு அது மதிப்பெண் தரும் பாடமானது. இன்றும் எங்கள் ஊரில் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்லுகிறோம். கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து. ஜூலை 14 அன்று முன்னாள் ராணுவத்தினர் கூடி நினைவுத்தூணில் மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்கு வெளியே தெருவில் பிரெஞ்சு கேட்பது அபூர்வம்.

இதே கடற்கரையில் இருந்து எதிர்த்திசையிலும் ஒரு மொழி போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்தினீக்குக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்ற துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. போனவர்களின் வாரிசுகள் ரியூனியனில் இன்றும் தீ மிதிக்கிறார்கள், அம்மனைப் பாடுகிறார்கள். பலர் பொருள் தெரியாமல், பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். எங்கள் துறையில் கப்பலேறிய ஒருத்தியின் கொள்ளுப்பேத்தி அங்கே 'அ, ஆ' எழுதிப் பழகும்போது நான் இங்கே பிரெஞ்சு வினைச்சொல்லுக்கு விகுதி போட்டுப் பழகுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

என்னைப் போன்றவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பது ஆறுதல். 1937-இல் ஸ்டாலின் ஆட்சி சோவியத்தின் கிழக்குக் கோடியில் வாழ்ந்த சுமார் 1,70,000 கொரியர்களை ரயிலேற்றி கஸகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சியோலில் கொரிய மொழி படிக்கிறார்கள். அங்கே கற்றுத் தரப்படுவது தலைநகரத்துக் கொரியம். வடகிழக்குக் கரையின் ஹம்கியோங் வழக்கில் இருந்து வந்தது அவர்களுடைய பாட்டிகளின் பேச்சு. பாடம் நன்றாக வர வர அது பாட்டியின் குரலாக இல்லாமல் போவதை அவர்களும் உணர்ந்திருப்பார்கள்.

எனக்கு அது நடந்தது. தாத்தாவின் 'ர' நம் ரகரம், நாக்கு நுனியில் உருளுவது. ஆசிரியை தொண்டையில் இருந்து வரவேண்டும் என்கிறார், சரியாகத்தான் சொல்கிறார். பழகினேன், வந்துவிட்டது. எழுத்துதான் பெரும்பாடு. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறார்கள் எல்லாம் காதுக்கு ஒரே 'பார்ல்'. எழுதும்போது பின்னால் ஒலிக்காத எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. காது வழியாக மொழி வந்தவர்களுக்கு அந்த எழுத்துகள் இருப்பதே தெரியாது. டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் மற்றதில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. எனக்கென்றே அந்த விதி வைத்ததுபோல் இருந்தது. அதில் பி1 நிலை தேறிவிட்டேன். பி2-வுக்குப் படிக்கிறேன்.

படித்ததன் பலனும் கையில் கிடைத்தது. அப்பாவின் இரும்புப் பெட்டியில் தாத்தா அப்பாயியின் திருமணப் பதிவு நகல் இருந்தது. சிறு வயதில் அதைப் பார்த்திருக்கிறேன், கோடு கோடாகச் சாய்ந்த கையெழுத்து. இப்போது உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். தேதியில் எண் கிடையாது, ஆண்டை முழுதும் எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். பெயர்கள், வயது, தொழில், சாட்சிகள். மணமகன் பிரெஞ்சில் கையெழுத்திட்டார், ஒரு சாட்சி தமிழில் இட்டார் என்று தனித்தனியே குறிப்பு. தாத்தாவின் தாயார் பற்றிய வரியில், தமக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அவர் தெரிவித்தார் என்றிருந்தது. அந்தக் கிழவியை நான் பார்த்ததில்லை. அவருடைய படம் எதுவும் வீட்டில் இல்லை. அவர் அந்த அலுவலகத்தில் நின்று, தன் மொழி அல்லாத மொழியில் யாரோ தன்னைப் பற்றி எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அந்த ஒரு வரி எனக்குச் சொன்னது. மொழி படிக்கப் பட்ட பாட்டுக்கெல்லாம் அது போதும் என்று தோன்றியது. நிறைய நேரம் அழுதேன்.

தாத்தாவின் தம்பி வழியில் வந்தவர்கள் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார்கள். அந்தப் பக்கமெல்லாம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் உண்டு. அங்கே உள்ள அண்ணன் மகள் தமிழ் படிக்கிறாள். ஈழத் தமிழர்கள் நடத்தும் தமிழ்ச்சோலை வகுப்பு. அவளுக்கும் எனக்கும் வாட்ஸப்பில் பேச்சு. நான் பிரெஞ்சில், அவள் தமிழில். "அத்தை, சுகமா இருக்கிறீங்களா? ஓம், இங்க நல்ல குளிர்" என்று அனுப்புவாள். அவளுடைய தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ். அழகாக இருக்கிறது. ஆனால் அவளுடைய கொள்ளுப்பாட்டி பேசிய காரைக்கால் தமிழ் அதில் இல்லை. அவளுக்கு வீட்டில் கிடைத்தது "சாப்புடு, ஓடாத, அத கீழ வை" என்று சில ஏவல்கள் மட்டும். அடுக்களையோடு நின்றுபோன என் பிரெஞ்சும் கட்டளையோடு நின்றுபோன அவள் தமிழும் அக்கா தங்கைகள். அவள் எனக்குப் பால் திருத்தம் போடுவாள், நான் அவளுக்கு எங்கள் தெருப் பேச்சைக் குரல் பதிவாக அனுப்புவேன். சந்தை, மீன், மழை, மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடித்த கதை.

அப்பாயியின் தங்கை இன்னும் இருக்கிறார். நிரவியில் மகள் வீட்டில். தொண்ணூறை நெருங்குகிறார். சொல்தாவைக் கட்டிக்கொண்டு அவரும் சைகோன் போய் வந்தவர். இவ்வளவு நாளும் அவரைப் பார்க்கப் போனால் தமிழில்தான் பேசுவோம். பி1 தேறிய சந்தோஷத்தில் ஒரு நாள் பிரெஞ்சில் ஆரம்பித்தேன். தொண்டை 'ர'வோடு, இலக்கணம் தவறாமல், பிரெஞ்சு எதிர்மறைக்கு வேண்டிய இரண்டு சொல்லையும் விடாமல் வைத்துப் பேசினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"எங்க புள்ள படிச்ச? கன்னியாஸ்திரி அம்மா கணக்கா பேசுற."

"கிளாஸ்ல, சின்ன அப்பாயி. நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. உங்க அப்பாயி இப்படியா பேசும்?"

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். உருளும் 'ர', பாதி விழுங்கிய எதிர்மறை, வாக்கியத்துக்கு நடுவில் 'அட' என்றும் 'பாரேன்' என்றும் தமிழ், நடுநடுவே வியட்நாமியச் சந்தைச் சொற்கள். மாதா கோயில் வீதி வீடு அப்படியே வந்து நின்றது. இந்தப் பிரெஞ்சுக்கு அகராதி இல்லை, இதைக் கற்றுத்தர ஆசிரியர் இல்லை, தேர்வும் இல்லை. நான் படிக்கப் புறப்பட்டது இதைத்தான்.

வகுப்பை விடப்போவதில்லை. எழுதப் படிக்க வைத்தது அது, பதிவேட்டைத் திறந்தது அது. சின்ன அப்பாயியிடம் போகும்போது மட்டும் பாடநூல் பிரெஞ்சைக் கழற்றி வைத்துவிட்டு 'தெரியாது' என்பதைப் பாதி விழுங்கி 'ஷே பா' என்று ஆரம்பிக்கிறேன். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிகிறேன், அவருக்கும் அது பிடித்திருக்கிறது. வியட்நாமியப் பலகாரமான நெம் சுருட்டும் விதம், கப்பலில் வந்த விதம் இரண்டும் பதிவாகிவிட்டன. அக்காவும் தானும் கல்யாணத்துக்கு முன் என்ன பேசிச் சிரிப்பார்கள் என்று கேட்டேன். அடுத்த தடவை மகள் வீட்டில் இல்லாதபோது வா, சொல்லுகிறேன் என்றிருக்கிறார். மகள் வியாழக்கிழமை திருநள்ளாறு போகிறாராம்.